வத்தல் பேட்டையில் ஓர் இருமல்

ஜனவரி 19

"இருமல் எப்ப வருது, சளி என்ன நிறம், எல்லாத்தையும் தேதி போட்டு எழுதிட்டு வாங்க" என்று மதுரை டாக்டரம்மா சொல்லிவிட்டார். உரக்கம்பெனிக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி மேஜையில் சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன். இருமலை மட்டும் எழுதினால் ஒரு நாளைக்கு ஒரு வரிகூட வராது. மீதி இடம் வீணாகப் போவது எனக்குப் பிடிக்காது. அதனால் மற்றதையும் எழுதுவேன். டாக்டரிடம் காட்டும்போது விரலால் மறைத்துக்கொண்டால் போகிறது.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் துப்பிய சளியில் சிவப்பாக ஒரு கீற்று. மிளகாய் வத்தல் தோல்தான் எப்படியோ உள்ளே போயிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். தோல் இல்லை.

எங்கள் விருதுநகர் பேட்டையில் இருமாதவன் கிடையாது. நெடியில் லாரி டிரைவர் இருமுவான், எடை போடுகிறவன் இருமுவான், வாசலில் கட்டிப்போட்ட ஆடுகூட இருமும். இத்தனை சத்தத்தில் என் இருமல் யார் காதில் தனியாக விழும்? என் காதிலேயே விழவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள்: வன்னியப்பெருமாள், வயது ஐம்பத்தெட்டு, மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி, சிகரெட் உண்டு. போன் நம்பர் கேட்டபோதுதான் என் மூளை வேலை செய்தது. கடை நம்பரைக் கொடுத்தால் கடையில் யாராவது எடுப்பான், சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் வீட்டு நம்பரைக் கொடுத்தேன். வீட்டு நம்பர் என்றால் என் மனைவி தங்கபுஷ்பத்தின் செல்போன்தான். அவள் அதைச் சீரியல் பார்க்கத் தவிர வேறு எதற்கும் எடுக்கமாட்டாள். வியாபாரத்தில் ரகசியம் காக்கத் தெரியாதவன் உருப்பட்டதில்லை.

இருமல்: காலையில் நாலைந்து. சளி: சாம்பல் நிறம்.

ஜனவரி 27

நாளைக் காலை மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கப்போகிறார்கள். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. ஆனால் சளியைப் பரிசோதித்ததில் கோணல்மாணலான செல்கள் தெரிகிறதாம். இன்று ராத்திரிக்குமேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. காலையில் காபி வேண்டாம் என்று தங்கபுஷ்பத்திடம் எப்படிச் சொல்வது? முப்பது வருஷமாகக் காபி குடிக்காமல் நான் வாசல் தாண்டியதில்லை. என்ன பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஜனவரி 28

அதிர்ஷ்டம்தான். இன்றைக்கென்று பார்த்துக் காபி போட மறந்துவிட்டாள்! அடுப்பே பற்றவைக்கவில்லை. "மதுரையில ஒரு பார்ட்டியைப் பார்க்கணும்" என்றேன். "நல்லபடியாப் பாத்துட்டு வாங்க" என்று திருநீறு பூசிவிட்டாள். மதுரைப் பார்ட்டிக்கு எதற்குத் திருநீறு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

குழாய் விடும் முன் தொண்டையை மரத்துப்போகச் செய்தார்கள். மயக்கம் மாதிரியும் இருந்தது, தூக்கம் மாதிரியும் இருந்தது. நான் ஏதோ விலை பேசிக்கொண்டிருந்தேனாம். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிப்ரவரி 6

முடிவு வந்தது. டாக்டரம்மா பெயர் ஷமீமா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சுற்றிவளைக்காமல் பேசுகிறார். எனக்குப் பிடித்தது.

"ஐயா, இது கேன்சர் இல்ல. ஆனா கேன்சர் வர்ற பாதையில நிக்குது."

"எவ்வளவு தூரத்துல நிக்குது?"

அதற்குத்தான் படம் காட்டினார். மூச்சுக்குழாய்க்குள் நீல வெளிச்சம் அடித்து எடுத்த படம். நல்ல இடம் பச்சையாகத் தெரிகிறது, கெட்ட இடம் செங்கல் நிறத்தில். எனக்கு இரண்டு இடம். வலது பக்கம் ஒன்று, இடது பக்கக் கிளை பிரிகிற முக்கில் ஒன்று. இரண்டிலும் கிள்ளி எடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய வகையில் எழுதுகிறேன். மூச்சுக்குழாயின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் ஓயாமல் மேலே கூட்டித் தள்ளுவது அவற்றின் வேலை. சிகரெட் புகை அவற்றைக் கருக்கிவிடுகிறது. தாங்கமாட்டாத உடம்பு அந்த இடத்தில் முரட்டுத் தோலைப் போட்டுக்கொள்கிறது. மூட்டை தூக்குகிறவன் தோளில் காய்ப்பு விழுகிற மாதிரி. அதோடு நின்றால் பரவாயில்லை. புகை நிற்காவிட்டால் காய்ப்புக்குள் செல்கள் வரிசை குலைகின்றன. சாக வேண்டியது சாகாது, பெருகக் கூடாதது பெருகும். முதலில் லேசாக, பிறகு முற்றி, பிறகு தோலின் முழுக் கனத்துக்கும். அதற்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதைத் தாண்டாத வரை அந்த இடத்தோடு சரி. தாண்டிவிட்டால் அதற்குப் பேர் கேன்சர்.

"அப்ப வத்தல் மூட்டை கதைதான்" என்றேன். "மழைச்சாரல் பட்டா முதல்ல நிறம் மங்கும். அப்பறம் நமத்துப்போகும். அப்பறம் பூசணம். சாக்குக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒரு மூட்டை நஷ்டம். சாக்கைத் தாண்டிட்டா கிடங்கே போச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷமா நான் கஷ்டப்பட்டு விளக்கிட்டு இருந்தேன். இனி எல்லார்கிட்டயும் இதையே சொல்லிரலாம் போல."

வலது பக்கம் லேசானது. "இது தானாவே திரும்பிப் போறது உண்டு. உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. அவங்க முழிச்சிருந்தா விரட்டிருவாங்க" என்றார். நமத்த வத்தலை இரண்டு வெயில் காயப்போட்டால் தேறிவிடும், அதுபோல. எனக்கு மனசு லேசாகிவிட்டது. தானாகவே போகக்கூடியது என்று டாக்டரே சொல்லும்போது நமக்கென்ன!

இடது பக்கம் முற்றினது என்றார். அதைப் பற்றியும் நிறையச் சொன்னார். சிகரெட்டை இன்றோடு விடவேண்டும், ஏப்ரல் கடைசியில் மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 7

சிகரெட்டை விட்டுவிட்டேன். பெட்டிக்கடைக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்.

எதிர் மண்டி தனுஷ்கோடியை நினைத்தால்தான் பயம். என்னைவிட நாலு வயது இளையவன். சாக்கு தைக்கும் கூலியாக இருவரும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வந்தோம். இன்று எதிரெதிர் மண்டி, எதிரெதிர் விலை. பகலெல்லாம் அடித்துக்கொள்வோம். மூன்று மணிக்கு வேப்பமரத்தடியில் நின்று ஒரே தீக்குச்சியில் பற்றவைப்போம். அவன் நீட்டினால் எப்படி மறுப்பது?

ஆனால் இன்று அவன் நீட்டவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"பல்லுவலி அண்ணாச்சி. புகை பட்டா உசுரு போகுது. நான் கொஞ்ச நாளைக்குத் தொடமாட்டேன். நீங்க வேணா பத்தவைங்க."

"எனக்கு மட்டும் எதுக்குய்யா? வா, மோர் குடிப்போம்."

இதுவும் அதிர்ஷ்டம்தான். எல்லாம் ஒத்துவருகிறது.

மோர் குடிக்கும்போது, இந்த வருஷம் குண்டுகுண்டாக முண்டு வத்தல் நன்றாக விளைந்திருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக் குளிர்கிடங்கில் போட்டு அடுத்த வருஷம் எடுக்கலாம் என்றான். நல்ல யோசனைதான். பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷம் என்பது ரொம்ப தூரத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 12

அலமாரியில் பழைய சட்டைப்பையில் ஒரு பாக்கெட் இருந்தது ஞாபகம் வந்து எடுக்கப் போனேன். எடுக்க மட்டும்தான். தங்கபுஷ்பம் அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். பை முழுக்கப் புகையிலைக் கூழ்.

"பை பார்க்காமலா துவைப்ப?"

"கண்ணு சரியாத் தெரியல" என்றாள். அரிசியில் கல்லை இருட்டில் பொறுக்குகிறவள்.

பிப்ரவரி 20

மோசம் போனேன்! சிகரெட்டை விட்ட பிறகு இருமல் கூடிவிட்டது. கொத்துக் கொத்தாக வருகிறது. பணம் கொடுத்துப் புகைத்தபோது இத்தனை இல்லை, சும்மா இருக்கும்போது இருமுகிறேன். இது எந்த ஊர் நியாயம்? கோபமாக டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரத்தம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப சந்தோஷப்படுங்க ஐயா. அந்த ரோமமெல்லாம் மறுபடி முளைச்சு வேலைக்கு வருது. வருஷக்கணக்கா சேர்ந்த குப்பையை இப்பத்தான் கூட்டித் தள்ளுது. அந்த இருமல் இது. போகப் போகக் குறையும். எதுக்கும் வந்து ஒரு தடவை காட்டிட்டுப் போங்க."

கடைக்குள் போய் எல்லோர் முன்னாலும் சந்தோஷமாக இருமினேன்.

மார்ச் 9

இன்று ஒரு அதிசயம். காலையில் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு வாசம். என்ன என்று தெரியாமல் நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டே போனால், அடுக்களையில் தங்கபுஷ்பம் பெருங்காயத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பெருங்காயம்! கொல்லையிலிருந்து!

"என்ன இப்படி வந்து நிக்கிறீங்க?"

"இது தினமும் போடுவியா?"

"கல்யாணமான நாளா போடுறேன்."

டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்தேன். வெந்தயம், சுக்கு, ஓமம், நல்லெண்ணெய். அவளுடைய பழைய பட்டுச்சேலையில் பூச்சி உருண்டை. ரேஷன் அரிசிச் சாக்கு. ஒவ்வொன்றும் புதுச் சரக்கு இறங்கின மாதிரி. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் ஓமத்தில் இருந்தேன்.

இரண்டு தட்டு சாப்பிட்டேன். இருமல் குறைவு.

மார்ச் 23

வரத்து ஆரம்பித்துவிட்டது. முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கமிருந்து முண்டு வத்தல். பேட்டையே சிவப்பாக இருக்கிறது.

எங்கள் தெருவில் நாலைந்து பேர் இன்னும் பழைய முறையில்தான் விலை பேசுகிறோம். துண்டுக்கு அடியில் இருவரும் கையை விட்டுக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை சொல்வோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முழுக்கையையும் இறுகப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது என்று அர்த்தம். அதன் பிறகு பேச்சே கிடையாது.

இன்று ஒரு நயமான சரக்குக்குத் தனுஷ்கோடியும் நானும் போட்டி. இத்தனை வருஷம் நான் வத்தலைக் கண்ணால் பார்த்து, உடைத்து, குலுக்கி விதைச் சத்தம் கேட்டு எடை போட்டவன். இன்று கை நிறைய எடுத்து முகர்ந்தேன். வெயிலில் காய்ந்த வாசம், அதற்குப் பின்னால் லேசான இனிப்பு. கரிசல் மண்ணில் விளைந்து களத்தில் சரியாகக் காய்ந்த சரக்கு என்று மூக்கே சொல்லிவிட்டது. துண்டுக்குள் அவனைவிட ஒரு விரல் கூடப் பிடித்தேன். சரக்கு எனக்கு.

"மூக்கை வச்சு அழிச்சாட்டியம் பண்றீங்களே அண்ணாச்சி" என்றான்.

"உனக்குப் பல்லுவலி இன்னும் போகலையா?"

"அது வந்து... மாத்தி மாத்தி வலிக்குது."

எந்த டாக்டரிடம் காட்டுகிறான் என்று தெரியவில்லை. மாற்றச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 29

நாளை மதுரைக்குப் போக வேண்டிய நாள். வரத்து குவிகிறது. இந்த நேரத்தில் ஒரு நாள் கடையை விட்டால் தெருவே என் சரக்கைத் தின்றுவிடும். இருமல் இல்லை. சளி வெள்ளை. ரத்தம் பொங்கலோடு சரி. மூக்கு வேறு இப்படி வேலை செய்கிறது. சவ்வாவது சாக்காவது, எல்லாம் தேறிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. தானாகப் போகக்கூடியது என்று டாக்டரே சொன்னதுதானே.

மே 1

தங்கபுஷ்பம் சோற்றைப் போட்டுக்கொண்டே, "மதுரைப் பார்ட்டியை இப்பெல்லாம் பார்க்கிறதில்லையா?" என்றாள்.

"சீசன் முடியட்டும்."

"பார்ட்டி காத்துக்கிட்டு இருக்குமா?"

"பார்ட்டி எங்க போயிரப்போகுது?"

ரசத்தில் உப்பு இல்லை.

மே 5

மோர். வெயில். வரத்து அதிகம். இருமல் இல்லை.

மே 11

நாலு நாளைக்கு முன் கோடைமழை ஒன்று அடித்தது. இன்று காலை பந்தல்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் லாரியில் சரக்கு கொண்டுவந்தார். முதல் மூட்டையின் வாயைப் பிரித்துக் கைநிறைய அள்ளிக் காட்டினார். பளபள என்று ரத்தினம் மாதிரி வத்தல். உடைத்தேன், நொறுங்கியது. குலுக்கினேன், விதை பேசியது. தனுஷ்கோடியும் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். துண்டை எடுத்துப் போட்டுக் கையை உள்ளே விட்டேன். ஒரு விரலைப் பிடித்தும் விட்டேன்.

அப்போதுதான் அந்த வாசம். மழை பெய்த மறுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது. மிக லேசாக. போன வருஷமாக இருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மூட்டையைப் படுக்கப் போட்டு அடித்தையலை அறுத்தேன். அடியிலிருந்து இரண்டு சாண் அளவுக்கு வத்தல் வெளுத்துப்போய், காம்பு ஓரமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. மழைக்கு முன்னமே ஏற்றி நிறுத்திய லாரித் தளத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. பாவம், அவருக்கே தெரியாது. முகம் செத்துவிட்டது.

"அண்ணாச்சி, மேல பார்த்தீங்களே, நல்லாத்தான இருந்துச்சு?"

"மேல நல்லா இருந்தா அடியும் நல்லா இருக்குமா? ஒரு கை வத்தலைப் பாத்துட்டு மொத்த லாரியையும் முடிக்கிறதுக்கு நான் என்ன நேத்தா கடை வச்சேன்? வாயைப் பாத்துட்டு அடியைப் பார்க்காம விடுறவன் வியாபாரியாய்யா?"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். கத்தி முடித்தபோது தனுஷ்கோடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அறுத்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு இன்னும் என் கைமேல் கிடந்தது.

பூசணம் சாக்கைத் தாண்டவில்லை. பக்கத்து மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அடியில் இருந்த சில மூட்டைகளில் மட்டும்தான். விவசாயியிடம், பூத்ததை எடுத்து எரித்துவிடுங்கள், மீதியை என் களத்தில் இன்றே கொட்டிக் காயவையுங்கள், மொத்தமும் போகவில்லை என்றேன். நேரத்தோடு பார்த்தோம் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மதியம் சாப்பிடப் போகவில்லை.

மே 12

முதல் பஸ்ஸில் மதுரை. மறுபடி குழாய் விட்டுக் கிள்ளி எடுத்தார்கள்.

மே 19

வலது பக்கம் இருந்தது காணோம். செங்கல் நிறம் இருந்த இடம் இளம்பச்சை. காவல்காரர்கள் விரட்டிவிட்டார்கள்.

இடது பக்கம் முன்னேறிவிட்டது. தோலின் முழுக் கனத்துக்கும். கிள்ளிப் பார்த்த இடத்தில் அடிச்சவ்வு முழுசாக இருக்கிறது, தாண்டின அடையாளம் இல்லை, ஸ்கேனும் சுத்தம் என்றார் டாக்டரம்மா. ஒரே மனுஷன், ஒரே புகை, ஒரே மாதிரி ஆரம்பம். ஒன்று திரும்பிப் போனது, ஒன்று முன்னால் போனது. "ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

"இடது பக்கத்துல அந்த செல்லுங்க காவலுக்குத் தெரியாம ஒளிஞ்சுக்கக் கத்துக்கிச்சு. முழுசும் எங்களுக்கும் தெரியாது ஐயா. தெரியாததாலதான் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்றோம்."

"தேதி தவறிட்டேன்."

"வந்துட்டீங்கள்ல. ஆடி ஆவணின்னு தள்ளியிருந்தா நாம வேற பேச்சு பேசிட்டிருப்போம்."

குழாய் வழியாகவே உள்ளே போய் அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாமாம். அறுக்க வேண்டாம். எனக்கு ஒரே சிரிப்பு. வத்தலுக்குக் குளிர்கிடங்கு, எனக்கும் குளிர்கிடங்கு.

பஸ்ஸில் வரும்போது திருமங்கலம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டை கொடுத்தார்.

மே 21

இன்று உறையவைத்தார்கள். காபி இன்றும் போடவில்லை. இந்த முறை நான் மதுரைப் பார்ட்டி என்று சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால், கட்டிலுக்கு இந்தப் பக்கம் தங்கபுஷ்பம், அந்தப் பக்கம் தனுஷ்கோடி.

"நீங்க எப்படி..." என்றேன். தொண்டை மரத்துப்போய்ச் சத்தம் காற்றாக வந்தது.

"பேசாதீங்க. டாக்டரம்மா பேசக்கூடாதுன்னாங்க" என்றாள். பிறகு செல்போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஆஸ்பத்திரிச் சீட்டுல யாரு நம்பரைக் குடுத்தீங்க? என்னைக்கு வரணும், எத்தனை மணிக்கு மேல சாப்பிடக்கூடாது, சிகரெட்டை விடணும், எல்லா மெசேஜும் ஜனவரியில இருந்து எனக்குத்தான் வருது. ஏப்ரல் முப்பதாம் தேதி மூணு தடவை வந்துச்சு."

நான் தனுஷ்கோடியைப் பார்த்தேன்.

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான். "அக்கா பிப்ரவரியில வந்து சொன்னாங்க. நீங்க விடணும்னா நானும் விடணும்னாங்க. நாலு மாசமாக் கன்னத்தைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்கு இப்ப நெசமாவே வலிக்குது."

பேசக்கூடாது என்று சொன்னது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 8

தனுஷ்கோடியும் நானும் சேர்ந்து முண்டு வத்தல் வாங்கிக் குளிர்கிடங்கில் அடுக்கிவிட்டோம். அடுத்த மாசியில் எடுப்பதாகப் பேச்சு. "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. "எடுக்கிறோம்" என்றேன்.

ஜூலை 15

பந்தல்குடிக்காரர் வீட்டில் விளைந்த பாகற்காய் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். காயவைத்த வத்தலெல்லாம் நல்ல விலைக்குப் போனதில் அவருக்குச் சந்தோஷம். பாகற்காய்க்கு இப்படி ஒரு வாசம் உண்டு என்று இத்தனை வயதில் தெரிந்துகொண்டேன். வாசம் நல்லது. ருசிதான் அதே கசப்பு.

ஆகஸ்ட் 27

மறுபரிசோதனை. மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் தனுஷ்கோடி ஜன்னல் சீட்டுக்கு என்னோடு சண்டை போட்டான்.

திரையை என் பக்கம் திருப்பி டாக்டரம்மா காட்டினார். நீல வெளிச்சத்தில் வலது பக்கம் பச்சை. இடது பக்கம், உறையவைத்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு, சுற்றிலும் பச்சை. சும்மா கண்ணால் பார்த்ததோடு விடவில்லை. நாலு இடத்தில் கிள்ளியும் எடுத்திருக்கிறார். "அது அடுத்த வாரம் வரும். ஆனா இந்தப் படம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். புகை பட்டது ஒரு இடத்தில் மட்டும் இல்லை, குழாய் முழுக்க. வேறு இடத்தில் வேறொன்று கிளம்பலாம். அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "மூணு மாசமோ நாலு மாசமோ, உங்க தோது. ஆனா விடக்கூடாது."

தொண்டை மரத்திருந்ததால் எனக்குப் பேச்சு இல்லை. இருந்திருந்தால் வருஷத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு முடித்திருப்பேன். அப்படித்தான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் வெளியே வந்தேன்.

வெளியே பெஞ்சிலிருந்து இருவரும் எழுந்து நின்றார்கள். டாக்டர் சொன்னதை நர்ஸ் சொல்வதற்குள் தனுஷ்கோடிக்குப் பொறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டான். அவன் கையையும் உள்ளே விட்டான்.

"சொல்லுங்க அண்ணாச்சி. என்ன ஆச்சு?"

அவன் கை வேர்த்திருந்தது. முழுக்கையையும் இறுகப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன்.

"முடிஞ்சது!" என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்திவிட்டான். ஒரு நர்ஸ் வந்து அதட்டினாள். அவளிடமும் "முடிஞ்சதும்மா, முடிஞ்சது" என்றான். கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினான். துண்டு என் கைமேல் இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டான்.

நர்ஸிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவன் நகர்ந்த இடத்தில் தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். துண்டுக்குள் அவள் கை வந்தது. வெளியிடத்தில் என் கையைப் பிடிக்கிறவள் இல்லை அவள். என் விரல்களைத் தடவி, எண்ணி, மூன்றை மட்டும் சேர்த்துப் பிடித்தாள். நாலாவதைத் தொடவில்லை.

இந்தப் பாஷை உனக்கு எப்படித் தெரியும் என்று கண்ணால் கேட்டேன்.

"தெனமும் தூக்கத்துல என் கையைப் பிடிச்சு வெல பேசுறவரு நீங்கதான" என்றாள். "மூணு மாசம். தேதி தவறக்கூடாது. என்ன சொல்றீங்க?"

சாக்கு தைத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து இன்றுவரை, யார் சொன்ன முதல் விலைக்கும் நான் ஒத்துக்கொண்டதில்லை. அவள் கையிலிருந்து பெருங்காய வாசம் வந்தது.

முழுக்கையையும் பிடித்து அழுத்தினேன்.